பத்துக்கு 4.8... நெதர்லாந்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போறீங்களா?

நவம்பர் கடைசி வாரம். சாயங்காலம் அஞ்சு மணிக்கே வெளியே கும்மிருட்டு. லைப்ரரியில் உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு நோட்டிஃபிகேஷன். முதல் குவார்ட்டர் பரீட்சை ரிசல்ட். திறந்து பார்த்தால் 4.8. பத்துக்கு 4.8.

நான் கரூர்க்காரன். ஸ்கூலிலும் சரி, இன்ஜினீயரிங்கில் எட்டு செமஸ்டரிலும் சரி, ஓர் அரியர்கூட வைத்தது கிடையாது. இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து எஜுகேஷன் லோன் வாங்கிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி வழக்கம்போல அப்பா வீடியோ காலில் வந்தார்.

"ரிசல்ட் வந்துருச்சா கண்ணு?"

"இன்னும் வரலீங்கப்பா."

பொய். அடுத்த மூன்று வாரம் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது படிப்பை முடித்துவிட்டு இங்கேயே வேலையில் இருக்கிறேன். கல்லூரி ஜூனியர்களிடமிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று மெசேஜ் வருகிறது. "அண்ணா, நெதர்லாந்து நல்லாருக்குமா? ஜெர்மனியா, நெதர்லாந்தா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. கன்சல்டன்சிக்காரர்கள் சொல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

நம்ம சிலபஸின் சொந்த ஊர்

நெதர்லாந்து என்றதும் எல்லோருக்கும் துலிப், காற்றாலை, சைக்கிள்தான் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு வேறொரு தொடர்பு உண்டு. நாம் செமஸ்டரில் உருட்டிய பல விஷயங்கள் இந்த ஊரில் பிறந்தவை.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் வரும் டைக்ஸ்ட்ரா அல்காரிதம் ஞாபகம் இருக்கிறதா? எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ராட்டர்டாமில் பிறந்தவர். 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு ஷாப்பிங் போய்விட்டு, களைப்பில் ஒரு காபி கடையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே, பேப்பர் பேனா இல்லாமல், இருபதே நிமிஷத்தில் மனசுக்குள்ளேயே அந்த அல்காரிதத்தை யோசித்து முடித்தாராம். அச்சில் வந்தது 1959-ல். 1957-ல் கல்யாணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் 'புரோகிராமர்' என்று எழுதப் போனால், அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் 'தியரட்டிகல் பிசிசிஸ்ட்' என்று பதிவானது. 1972-ல் அதே மனுஷனுக்கு டூரிங் விருது.

பைத்தானும் இங்கேதான். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் தேசியக் கணித, கணினி ஆய்வு மையமான சி.டபிள்யூ.ஐ-யில் வேலை பார்த்த கீடோ வான் ராஸம், 1989 கிறிஸ்துமஸ் லீவில் பொழுதுபோக்காக ஆரம்பித்த மொழி அது. நாம் ஜெராக்ஸ் போட்டுப் படித்த கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் புத்தகங்களை எழுதிய ஆண்ட்ரூ டனன்பாம், அமெரிக்காவில் பிறந்தாலும் பாடம் எடுத்தது ஆம்ஸ்டர்டாமின் வி.யூ. பல்கலைக்கழகத்தில். பாடம் நடத்துவதற்காக 1987-ல் அவர் எழுதிய மினிக்ஸைப் பார்த்துத்தான் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு லினக்ஸ் செய்யும் ஆர்வம் வந்தது.

இதையெல்லாம் சொல்லி அப்பாவை கன்வின்ஸ் பண்ணினேன் என்று நினைக்காதீர்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மொத்தம் எவ்வளவு ஆகும்?"

எவ்வளவு ஆகும்?

ஐரோப்பிய யூனியன் பிள்ளைகளுக்கு ஃபீஸ் வருஷத்துக்கு 2,600 யூரோ வாக்கில். நமக்கு அப்படிக் கிடையாது. பெரிய பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸுக்கு வருஷம் சுமார் 20,000 யூரோவும் அதற்கு மேலும். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். டெல்ஃப்ட், ஐந்தோவன், ட்வென்ட்டே போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ் இரண்டு வருஷம். ஆக ஃபீஸ் மட்டும் 40 லட்சத்தைத் தாண்டும். ஃபீஸே கிட்டத்தட்ட இல்லாத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் இது ரொம்ப அதிகம். பணம்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் ஜெர்மனியையே பாருங்கள். நான் அப்படித்தான் ஜூனியர்களிடம் சொல்கிறேன்.

வாழ்க்கைச் செலவு தனி. வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 1,100 முதல் 1,300 யூரோ. இதற்கான ஒரு வருஷத் தொகையை விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும். பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் அக்கவுன்ட்டுக்கே அனுப்பச் சொல்வார்கள். இங்கே வந்து பேங்க் அக்கவுன்ட் திறந்ததும் அதைத் திருப்பித் தருவார்கள். விசாவுக்காக நீங்கள் தனியாக அலைய வேண்டியதில்லை. குடியேற்றத் துறையிடம் விண்ணப்பிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை.

ஸ்காலர்ஷிப் உண்டு. ஆனால், அதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். என்.எல். ஸ்காலர்ஷிப் என்பது 5,000 யூரோ, முதல் வருஷத்துக்கு மட்டும். டெல்ஃப்டில் யூஸ்டஸ் அண்ட் லூயிஸ் ஃபான் எஃபன் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஜாக்பாட். ஆனால் போட்டி உலக அளவில். ட்வென்ட்டே பல்கலைக்கழகமும் சொந்தமாக ஒன்று தருகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். இங்கே இரண்டு வகை உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் ஒரு வகை. தொழில்சார்ந்த 'அப்ளைடு சயின்ஸ்' கல்லூரிகள் இன்னொரு வகை. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே 'யுனிவர்சிட்டி' என்று பெயர் வரும். இரண்டும் நல்லவைதான். ஆனால், பிஎச்.டி. கனவு இருந்தால் முதல் வகையே வசதி. கன்சல்டன்சி நீட்டும் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் இது எந்த வகை என்று கேளுங்கள்.

அட்மிஷனுக்கு மார்க்கும் ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 அல்லது 7-ம் மட்டும் போதாது. யுஜி-யில் எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட் படித்தோம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். டிஸ்க்ரீட் மேத்ஸ், அல்காரிதம்ஸ், ப்ராபபிலிட்டி போதுமான அளவு இல்லையென்றால் மார்க் எவ்வளவு இருந்தாலும் சிக்கல். சிலபஸ் காப்பியைக் கல்லூரியில் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலேஜ் ஆபீஸில் அதை வாங்க நான் நாலு தடவை நடந்தேன்.

ரூம் கிடைப்பதுதான் முதல் பரீட்சை

அட்மிஷனைவிடக் கஷ்டமானது வீடு. மிகைப்படுத்தவில்லை. நாடு முழுக்க மாணவர்களுக்கு அறைகள் பற்றாக்குறை. ரூம் உறுதியாகாமல் கிளம்பி வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை.

அட்மிஷன் லெட்டர் வந்த அன்றைக்கே பல்கலைக்கழகத்தின் ஹவுசிங் வசதிக்குப் பணம் கட்டி வரிசையில் நில்லுங்கள். நான் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டேன். ஜூலையில் இடம் காலி. பிறகு ஒருத்தர் வாட்ஸ்அப்பில் அழகழகான போட்டோ அனுப்பி, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்றார். அப்பா பணம் அனுப்பத் தயாராகிவிட்டார். அந்த ஊரில் இருந்த ஒரு சீனியர் அக்காவிடம் அட்ரஸைக் கொடுத்து நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு போன் பண்ணினார். "தம்பி, அந்த நம்பர்ல ஒரு பல் ஆஸ்பத்திரிதான்டா இருக்கு."

டச்சு மாணவர்கள் கூட்டாக இருக்கும் வீடுகளில் ரூம் காலியானால், 'ஹோஸ்பிடீரன்' என்று ஒரு சடங்கு உண்டு. வீட்டில் இருக்கும் ஆறேழு பேர் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். வந்திருக்கும் இருபது பேரில் யாரைப் பிடிக்கிறதோ அவர்களுக்குத்தான் ரூம். அசல் பெண் பார்க்கும் படலம், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் இல்லை. "உன்னைப் பற்றி வேடிக்கையாக ஒன்று சொல்லு" என்றார்கள். நான் என் சி.ஜி.பி.ஏ-வைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ரூமும் கிடைக்கவில்லை.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தின் மாடியில் ஒரு ரூம் அமைந்தது. ரூம் பார்க்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இந்த அட்ரஸில் நான் பதிவு செய்துகொள்ளலாமா?" நகராட்சியில் முகவரி பதிந்தால்தான் பி.எஸ்.என். என்ற குடிமக்கள் எண் கிடைக்கும். நம்ம ஊர் ஆதார் மாதிரி. அது இல்லையென்றால் சம்பளம், இன்சூரன்ஸ், அரசு ஆன்லைன் சேவை என்று எல்லாவற்றுக்கும் தகராறு. பதிவு செய்யக் கூடாது என்று சொல்லும் ரூம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

'சார்' கிடையாது

முதல் வாரத்தில் ஒரு சந்தேகம் கேட்டு புரொஃபசருக்கு மெயில் போட்டேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, 'தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' வரை நம்ம ஊர் லீவ் லெட்டர் ஸ்டைல். பத்து நிமிஷத்தில் பதில். இரண்டே வரி. கீழே வெறும் பெயர் மட்டும். அடுத்த நாள் கிளாஸில் பார்த்தால் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப் பையனைக்கூட 'வாங்க போங்க' என்று பேசிப் பழகிய கொங்கு வாய்க்கு அது வரவே இல்லை. இரண்டு மாதம் அவரைக் கூப்பிட வேண்டிய இடத்திலெல்லாம் லேசாக இருமிச் சமாளித்தேன்.

மரியாதை இல்லை என்று அர்த்தம் கிடையாது. மரியாதையை அவர்கள் வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு வருவது, வாக்குக் கொடுத்ததை முடிப்பது, மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்வது. கடைசி ஐட்டம்தான் நமக்குக் கசக்கும். குரூப் புராஜெக்ட்டில் நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கோடைப் பார்த்துவிட்டு டீம்மேட் சொன்னது, "இது நல்லா இல்லை. ஏன் இவ்வளவு சிக்கலா எழுதியிருக்க?" ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அதே ஆள் எனக்கும் சேர்த்து காபி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அவனைப் பொறுத்தவரை திட்டு கோடுக்கு, காபி எனக்கு.

அந்தக் காபிக்கும் சாயங்காலம் ஒரு லிங்க் வரலாம். 'டிக்கி' என்று ஓர் ஆப். யார் செலவு செய்தாலும் பங்கைப் பிரித்து லிங்க் அனுப்பிவிடுவார்கள். ஒரு யூரோ என்றாலும் கேட்பார்கள். முதலில் அல்பத்தனமாகத் தெரிந்தது. ஆறு மாதத்தில் நானே அனுப்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஆறு பக்கம் எழுதினேன், ஏன் மார்க் இல்லை?

இப்போது 4.8-க்கு வருகிறேன்.

இங்கே மார்க் 1 முதல் 10 வரை. பாஸ் மார்க் பொதுவாக 5.5 அல்லது 6. அட, 55 சதவிகிதம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 8 எடுத்தாலே பெரிய ஆள், 9 அபூர்வம், 10 பார்ப்பது அதைவிட அபூர்வம். ஆறு வாங்கினால் போதும், மிச்ச நேரத்தில் வாழ்க்கையைப் பார்ப்போம் என்ற மனநிலைக்கு டச்சு மொழியில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. தமிழில் சொன்னால் 'ஆறு மார்க் கலாசாரம்'.

ஒரு வருஷத்துக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஐந்து கிரெடிட் பாடம் என்றால் 140 மணி நேரம், அதுவும் பத்து வாரத்துக்குள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் வருஷத்தை நான்கு குவார்ட்டராகப் பிரித்திருப்பார்கள். செப்டம்பரில் ஆரம்பித்தால் அக்டோபர் கடைசியில் பரீட்சை. ஸ்டடி ஹாலிடேஸில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்ம பழக்கம் இங்கே எடுபடாது. லெக்சர் வாரத்துக்கு நாலு மணி நேரம் மட்டும் இருப்பதைப் பார்த்து 'ஈஸி' என்று நினைப்பதுதான் முதல் தப்பு. மிச்ச பத்து மணி நேரம் நீங்களாகவே பேப்பர் படித்து, கோடு எழுதி முடிக்க வேண்டியது.

பரீட்சைக்கு ஆன்லைனில் பெயர் பதியவும் வேண்டும். இரண்டு வாரம் முன்னாடியே. மறந்தால் பரீட்சை எழுத முடியாமலே போகலாம். நம்ம ஊரில் ஆபீஸே ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடும், அதனால் இது தோன்றாது.

நான் ஃபெயிலானது டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பேப்பரில். ரிசல்ட்டுக்குப் பிறகு விடைத்தாளைத் திறந்து காட்ட ஒரு நாள் ஒதுக்குவார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், வாதாடலாம். ரீ-வேல்யூவேஷனுக்குப் பணம் கட்டிக் காத்திருக்கும் கதையெல்லாம் இல்லை. போனேன். புரொஃபசரே உட்கார்ந்திருந்தார்.

கேள்வி இதுதான். ஒரு ஆன்லைன் கடையின் சர்வர்கள் இரண்டு நகரங்களில் இருக்கின்றன, நடுவில் நெட்வொர்க் அறுந்துவிட்டது. ஆர்டர் எடுப்பதை நிறுத்துவீர்களா, தொடர்வீர்களா? எதை இழப்பீர்கள், ஏன்? நான் சி.ஏ.பி. தியரத்தின் டெஃபனிஷன், படம், அதன் வரலாறு, பேக்ஸோஸ் அல்காரிதத்தின் எல்லா ஸ்டெப்புகளும் என்று ஆறு பக்கம் எழுதியிருந்தேன். நம்ம ஊர் 13 மார்க் கேள்விக்கு அடித்துத் துவைத்த விடை.

அவர் பேப்பரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "நீ எழுதியிருப்பது எல்லாம் சரி. ஆனால், நான் இதைக் கேட்கவில்லை. கடையை நிறுத்துவதா, வேண்டாமா? உன் முடிவு எங்கே?"

தேடிப் பார்த்தேன். ஆறு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட என் முடிவு இல்லை. 'தட்டுப்பாடான பொருள் என்றால் நிறுத்துவேன், ஒரே பொருளை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது. மற்றதற்குத் தொடர்வேன், பிறகு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தருவேன்' என்று நாலு வரி எழுதியவனுக்கு 8 விழுந்திருக்கிறது. மெமரி பவரை வைத்தே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டோம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கோடு கொடுத்தாலும் குற்றம்

அதே குவார்ட்டரில் இன்னோர் அடி. கூடப் படித்த திருச்சிப் பையன் ஒருத்தன், டெட்லைனுக்கு முந்தின நாள் ராத்திரி, "மச்சான், ரெஃபரன்ஸுக்கு மட்டும் உன் கோடை அனுப்புடா" என்றான். ஹாஸ்டலில் இதெல்லாம் சாதாரணம். அனுப்பினேன். அவன் வேரியபிள் பெயர்களை மட்டும் மாற்றி சப்மிட் பண்ணிவிட்டான். ஒற்றுமை கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேருக்குப் பெயரை மாற்றினால் ஏமாறும் பழக்கம் இல்லை.

இரண்டு பேருக்கும் தேர்வுக் குழுவிலிருந்து மெயில். விசாரணை மிரட்டலாக இல்லை, அமைதியாகத்தான் நடந்தது. "நான் காப்பி அடிக்கலையே, கொடுக்கத்தானே செய்தேன்" என்றேன். கொடுப்பதும் அதே விதியில்தான் வருகிறது என்று எடுத்துக் காட்டினார்கள். அசைன்மென்ட் செல்லாது. அந்தப் பாடத்தையே அடுத்த வருஷம் மறுபடி படிக்க வேண்டும்.

ஏ.ஐ. டூல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சில பாடங்களில் அனுமதி உண்டு, சிலவற்றில் கூடவே கூடாது, சிலவற்றில் பயன்படுத்தியதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் விதியையும் முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் வருஷத்துக்குக் குறைந்தது பாதி கிரெடிட், அதாவது 30 எடுத்தே ஆக வேண்டும். தகுந்த காரணமில்லாமல் எடுக்கவில்லை என்றால், பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும். ரெசிடென்ஸ் பெர்மிட்டே போய்விடலாம். முதல் குவார்ட்டர் முடிவில் 15 கிரெடிட்டுக்கு என் கையில் இருந்தது 5. லோன், வீட்டுப் பத்திரம், அப்பாவின் முகம் எல்லாம் அந்த ஐந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

டிசம்பரில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "திருப்பி எழுதலாமா?" என்றார். "எழுதலாமுங்கப்பா. அடுத்த குவார்ட்டர்லயே வருது." "அப்புறமென்ன, எழுது. பொய் சொன்னியே, அதுதான் கண்ணு எனக்குக் கஷ்டமா இருக்குது."

ரீ-எக்ஸாமில் 7 வந்தது. இரண்டாவது குவார்ட்டரில் ஒரு பாடம் தவறிப்போனாலும் மொத்தம் 20 ஆனது. ஏப்ரலில் 35. அன்றைக்குத்தான் டிசம்பருக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

தவறிய கோர்ஸ்களால் படிப்பு மூன்று மாதம் இழுத்தது. பதிவை முடித்துக்கொண்டதும் மூன்றாவது வருஷத்தின் மீதி மாத ஃபீஸ் திரும்பி வந்துவிட்டது. இது ஒரு நல்ல ஏற்பாடு. பேச்சலர்ஸ் படிக்க வருபவர்களுக்கு விதி இன்னும் கடுமை. முதல் வருஷம் 60-க்கு 45 மாதிரி ஒரு குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால் அந்தக் கோர்ஸை விட்டே வெளியேற்றும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து வரும் தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழை, சைக்கிள், பாகற்காய்

குளிரைவிட இருட்டும் காற்றும்தான் படுத்தும். டிசம்பரில் நாலரை மணிக்கு சூரியன் போய்விடும். ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குடை வாங்கவே வாங்காதீர்கள், முதல் காற்றிலேயே எலும்புக்கூடாகிவிடும். நல்ல ரெயின் ஜாக்கெட் ஒன்று, 'பாயன்ராடார்' ஆப் ஒன்று. எத்தனை மணிக்கு மழை வரும் என்று ஐந்து நிமிஷக் கணக்கில் சொல்லும் ஆப் அது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

சைக்கிள் இல்லாமல் இங்கே வாழ முடியாது. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இரண்டு பூட்டு போடுங்கள். மாத வாடகைக்கு வேண்டுமென்றால், டெல்ஃப்ட் மாணவர்கள் 2014-ல் தொடங்கிய ஸ்வாப்ஃபீட்ஸ் இருக்கிறது. முன் டயர் நீலமாக இருக்கும், தெருவில் பார்த்ததும் தெரியும். ராத்திரி லைட் இல்லாமல் ஓட்டினால் அபராதம்.

மதியச் சாப்பாடு ஒரு சோகக் கதை. பிரெட், நடுவில் சீஸ். அவ்வளவுதான். காலையில் பிரெட்டில் வெண்ணெய் தடவி சாக்லேட் தூளைத் தூவி பெரியவர்களே சாப்பிடுவார்கள். குக்கரும் ஊறுகாயும் ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். மளிகைக்கு சுரினாம் கடைகளைத் தேடுங்கள். டச்சுக் காலனியாக இருந்த சுரினாமுக்கு 19-ம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சாவளியினர் ஹேக் நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெரிய மார்க்கெட்டில் 'சொப்ரொப்போ' என்று எழுதிய கூடையில் எட்டிப் பார்த்தால், நம்ம பாகற்காய்! வெளிநாட்டில் பாகற்காயைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஊரில் இருந்தவரை அம்மா அதை என் தட்டில் வைக்கவே படாத பாடு படுவார்.

வடக்கே டென் ஹெல்டரில் ஈழத்தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. ரயிலில் போய் வர ஒரு நாள் ஆகும். முதல் பொங்கலுக்கு அங்கே போனேன். கிளம்பும்போது ஒரு பாட்டி, "தனியவோ இருக்கிறீங்கள் தம்பி? சாப்பிட்டுப் போங்கோ" என்றார். சொல்ல மறந்துவிட்டேனே, ராஜராஜ சோழன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகளுக்கு 'லைடன் செப்பேடுகள்' என்று பெயர் வந்தது இங்கிருக்கும் லைடன் பல்கலைக்கழகத்தால்தான். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைக் கையில் வைத்திருந்த காலத்தின் மிச்சம்.

உடம்பு சரியில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. முதலில் குடும்ப டாக்டர். அவர் பெரும்பாலும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ரெஸ்ட் எடுக்கச் சொல்வார். ஆன்டிபயாட்டிக் அவ்வளவு சுலபமாக எழுத மாட்டார்கள். வந்தவுடனே ஒரு டாக்டரிடம் பதிந்துவிடுங்கள், காய்ச்சல் வந்த பிறகு தேடினால் கஷ்டம்.

படிக்கும்போது வேலை, படித்த பிறகு வேலை

படிக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை பார்க்கலாம். அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழு நேரம். இரண்டில் ஒன்றுதான். அதற்கும் வேலை கொடுப்பவர் நமக்காக ஒரு பெர்மிட் வாங்க வேண்டும். இதற்காகவே பல கடைகள் நம்மைத் தவிர்த்துவிடும். பார்ட் டைம் வேலையில் லோன் கட்டலாம் என்ற கணக்கோடு யாரும் வராதீர்கள். வேலைக்குச் சேர்ந்தால் டச்சு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுப்பது கட்டாயமாகிவிடும், அதையும் செலவில் சேருங்கள். படிப்பின் பகுதியாகச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு இந்த பெர்மிட் தேவையில்லை. நான் ரீ-எக்ஸாமில் தேறிய அதே பாடத்துக்கு அடுத்த வருஷம் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது.

முடித்த பிறகு 'ஸூக்யார்' என்று ஒரு வருஷ அனுமதி உண்டு. வேலை தேடும் வருஷம். பட்டம் வாங்கிய மூன்று வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருஷம் எந்த வேலையும் தனி பெர்மிட் இல்லாமல் செய்யலாம். நெதர்லாந்தின் பெரிய பிளஸ் பாயின்ட் என்று நான் சொல்வது இதைத்தான். பிறகு திறன்மிகு பணியாளர் விசாவுக்கு மாறும்போது நமக்கான சம்பள வரம்பும் குறைவு.

ஆம்ஸ்டர்டாமில் புக்கிங், அட்யென், டாம்டாம். ஐந்தோவன் பக்கம் ஏ.எஸ்.எம்.எல்., என்.எக்ஸ்.பி. என்று ஆங்கிலத்திலேயே வேலை நடக்கும் கம்பெனிகள் நிறைய. ஆனாலும் டச்சு தெரியாமல் ஒரு எல்லைக்கு மேல் கதவு திறக்காது. அரசு, வங்கி, நடுத்தரக் கம்பெனிகளின் இன்டர்வியூ அழைப்புகள் பாதி டச்சில்தான் வரும். நான் இரண்டு வருஷம் 'எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே' என்று சோம்பேறியாக இருந்துவிட்டு, வேலை தேடும்போது கிளாஸில் போய்ச் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் நாற்பது விண்ணப்பம், நாலு இன்டர்வியூ, ஓர் ஆஃபர். தீசிஸ் எழுதும்போதே பேசக் கற்றிருந்தால் இன்னும் சீக்கிரம் நடந்திருக்கும்.

கடைசி இன்டர்வியூவில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ஒரு சிஸ்டத்தின் படத்தைப் போர்டில் போட்டு, நடுவில் ஒரு கோட்டை அழித்துவிட்டு, "இப்போது நெட்வொர்க் இல்லை. நீ என்ன செய்வாய்?" முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொன்னேன்.

இப்போது மாதம் முதல் தேதி இ.எம்.ஐ. என் அக்கவுன்ட்டிலிருந்து போகிறது. வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. இன்னும் நாலு வருஷம். அப்பா அதைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் போனில், "உங்க வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிட்டியா கண்ணு?" என்றார்.

"பழகிட்டேனுங்கப்பா."

"இங்க வந்தா உங்க காலேஜ் பிரின்சிபாலை அப்படிக் கூப்பிட்டுராத."